பின்சீட்டுக்காரி

இது கதையாக இருந்தால், முடிவை உங்களுக்கு வசதியாக மாற்றி வைத்திருப்பேன். கண்ணுகளா, இது நடந்தது. எனக்கும் என் அக்காவுக்கும் நடந்தது. அதனால் ஒரு நூல் கூட்டாமல், ஒரு நூல் குறைக்காமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. நானும் அக்காவும் சேர்ந்து ஒரு தையல் கடை நடத்தினோம். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை, எது வந்தாலும் தைப்போம். அக்கா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தவள். பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. “நமக்கு மெஷின்தான்டி மாப்பிள்ளை. எண்ணெய் மட்டும் விட்டாப் போதும், எதிர்த்துப் பேசாது” என்பாள்.

அந்த வருஷம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரு தடவை தவறினாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போய்த் திரும்பும்போது அக்கா பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். எனக்கு உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்காகத்தான் கார் வாங்கப் போனோம்.

தகரக் கூரை போட்ட பெரிய முற்றம். வரிசையாகப் பழைய கார்கள். வியாபாரி எதற்கெடுத்தாலும் சிரித்தார். அக்கா அங்கேயே அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள்: பல்லழகர்.

“டாக்டரம்மா ஓட்டின வண்டிம்மா. வாரத்துக்கு ஒரு தடவதான் வெளிய எடுப்பாங்க.”

“மிச்ச நாள் நோயாளிங்க தூக்கிட்டுப் போவாங்களா?” என்றாள் அக்கா.

“ஹி ஹி… அம்மாவுக்கு நல்ல தமாஷு.”

சாம்பல் நிறக் கார். இஞ்சினைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் அதைச் சோதித்த அழகைக் கேட்டால் சிரிப்பீர்கள். சீட் உறையின் தையலைப் பார்த்தோம். விரலை விட்டு இழுத்தோம். மூலை மடிப்பைத் தடவினோம். ஒரு நூல் பிசகவில்லை.

“இவ்வளவு ஒழுங்கா தச்சு வச்சிருக்கான். வண்டியும் ஒழுங்காத்தான்டி இருக்கும்” என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகும் புத்தி வரவில்லை. தையலைப் பார்த்துக் கார் வாங்கியவர்கள் பூமியில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

முதல் வாரம் ஒன்றும் பெரிதாக இல்லை. நான் ஓட்டுவேன். அக்கா பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்து வருவாள். முன்னால் எனக்கு வியர்த்துக் கொட்டும். பின்னால் அவள் போர்வை கேட்பாள். ஒரே காருக்குள் இரண்டு பருவம். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பெல்ட்.

காலையில் கதவைத் திறந்தால் என் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் பெல்ட் மாட்டியிருக்கும். கழற்றி விடுவேன். மறுநாளும் மாட்டியிருக்கும். படுத்து வரும் அக்கா பெல்ட் மாட்டுவதே இல்லை.

பிறகு உதை.

டொக்…

என் சீட்டின் முதுகில். லேசாக. பின்னால் உட்கார்ந்த சின்னப் பிள்ளை, கால் தரைக்கு எட்டாமல் ஆட்டி ஆட்டி உதைக்குமே, அந்த மாதிரி.

“அக்கா, கால வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்.”

“என் கால் ரெண்டும் சீட்டு மேல இருக்குடி.”

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். போர்வைக்குள் இரண்டு காலும் நீட்டிக் கிடந்தன.

டொக்… டொக்…

அக்கா இரண்டு காலையும் மடக்கி இழுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அக்கா படுத்து வருவதை நிறுத்திவிட்டாள். ஜன்னலோரமாக ஒடுங்கி உட்காருவாள், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்ட மாதிரி. ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிப்பவள், இப்போது எனக்கு முன்னால் போய்க் காரில் ஏறினாள். முகத்தில் ஒரு தெளிவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது எதனால் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் கடையில் அவள் மஞ்சள் துணியில் ஒரு கவுன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கான அளவு. அப்படி ஒரு ஆர்டர் எங்களிடம் இல்லை.

“யாருக்குக்கா?”

“பின்னால உக்காந்து வர்றவளுக்கு.”

கத்தரிக்கோல் நிற்கவில்லை.

“விளையாடாதே.”

“அளவு எடுத்தாச்சுடி. மார்பு இருபத்திரெண்டு. எடது தோள்தான் கணக்குல வரல. உள்ள நொறுங்கிப் போயி ஒரே எறக்கமா இருக்கு. அந்தப் பக்கம் தனியா வெட்டணும்.”

என் அக்கா தைப்பதில் பொய் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்க மறுத்துவிட்டாள்.

“நான் எறங்கிட்டா இவ தனியா இருப்பா. நீ போ.”

“எங்கே போறது? ஊசி உனக்குப் போடணும், எனக்கா?”

கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் நர்ஸ் வந்து, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் இறக்கினோம். வெகு நேரம் தாமதம். முகமும் காலும் வீங்கியிருந்தன. நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இன்னொரு தடவ இப்படிப் பண்ணாங்கன்னா இதயம் தாங்காதும்மா. எப்படியாவது நேரத்துக்குக் கொண்டு வந்துடுங்க.”

அன்று திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆறே முக்கால் இருக்கும். சாலையின் இரு பக்கமும் பெரிய மரங்கள். காற்றில் தலைவிரித்து ஆடின. அக்கா அசதியில் தூங்கிவிட்டாள். வைப்பர் மட்டும் சர்ரக்… சர்ரக்… என்று போய் வந்தது.

டொக்.

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

டொக்… டொக்.

காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் உதையும் பலமானது. மரத்தைக் கண்டு பயப்படுகிற மாதிரி.

“அக்கா…”

கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். மடியில் பாதிப் போர்வை. மறுபாதி பக்கத்துச் சீட்டின் மேல் கிடந்தது.

தட்டையாகக் கிடக்கவில்லை.

இரண்டு முட்டி… சின்ன முட்டி… அந்த அளவுக்கு மேடாக இருந்தது.

க்ளிக்.

பெல்ட் கழன்றது.

மேடு நகர்ந்தது. முன்னால். என் பக்கம்.

என் பிடரியில் குளிர்.

வந்தது… வந்தது… நின்றுவிட்டது.

என் சீட்டுக்குச் சற்றுப் பின்னால். நடுவில் சுவர் இருக்கிற மாதிரி. அதற்கு மேல் வர முடியவில்லை.

“அம்மா…”

அக்காவின் குரல் இல்லை.

“அம்மா… திரும்பிப் பாரு…”

திரும்பிவிட்டேன்.

“ரோட்டப் பாருடி!”

அக்காவின் அலறல். லாரியின் ஹாரன். கண் கூசும் வெளிச்சம். எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. வண்டி சாலையை விட்டு மண்ணில் இறங்கிக் குலுங்கி நின்றது.

திரும்பியபோது என்ன பார்த்தாய் என்று எல்லாரும் கேட்பார்கள். வெறும் சீட்தான், கண்ணுகளா. ஆனால் தூக்கத்திலேயே அக்காவின் கை எதையோ வளைத்து அணைத்திருந்தது. அந்த வளைவுக்குள் சரியாக ஒரு பிள்ளைக்கான இடம் இருந்தது.

“அவ அம்மா முன்னாலதான் இருந்தாளாம்” என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. “இப்ப வேற யாரோ இருக்காங்கன்னு அழுவுறா.”

வீட்டுக்கு வந்ததும் காரைப் பூட்டினேன். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

விடியும் நேரம் விழித்தேன். அக்காவின் படுக்கை காலி.

சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

கார் பூட்டியே இருந்தது.

அக்கா உள்ளே இருந்தாள். பின்சீட்டில். பெல்ட் மாட்டியிருந்தது. உதடு நீலம் பாய்ந்து, கண் மூடி, முகத்தில் சிரிப்பு. அந்த மஞ்சள் கவுன் மடியில் இல்லை. பக்கத்துச் சீட்டில் நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது.

கதறிக்கொண்டு கதவைத் திறந்தேன். உயிர் இருந்தது. பெல்ட் கழலவில்லை. அதை விடுவிக்கத் தரையில் மண்டியிட்டு, வழுக்கிய காலடி விரிப்பை ஒதுக்கிவிட்டுக் கையை ஊன்றினேன். என் விரலில் ஏதோ நெருடியது. இரும்புத் தரையில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் குறுக்காக ஒரு தழும்பு. பற்றவைத்துத் தேய்த்த தழும்பு. ஆயுசு முழுக்க ஒட்டுத் தையலைத் தடவிய விரல் இது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இது ஒரு கார் இல்லை. இரண்டு கார்.

பெல்ட்டைக் கத்தரிக்கோலால் அறுத்து, வாடகை வண்டி பிடித்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு நேரே பல்லழகரிடம் போனேன். வழி நெடுக உதை. நான் திரும்பவில்லை.

“வித்த பொருள் வாசலத் தாண்டினா என்னுது இல்லம்மா” என்று சிரித்தார்.

விரிப்பைத் தூக்கிக் காட்டினேன்.

“இந்த ஒட்டு யாரோடது?”

அப்போதுதான் அந்த மனுஷனின் வாய் மூடிப் பார்த்தேன்.

“எல்லாரும் பண்றதுதாம்மா… அடிபட்ட வண்டிங்கள்ல நல்ல பாதிய வெட்டி எடுத்து ஒண்ணா ஒட்டுவோம். முன் பாதி டாக்டரம்மா வண்டி. சத்தியமா.”

“பின் பாதி?”

அவர் என்னைப் பார்க்கவில்லை.

“புயல்ல மரம் விழுந்த வண்டி. நடு முதுகுல விழுந்துச்சு. முன்னால அம்மா ஓட்டிட்டு வந்திருக்காங்க, பின்னால அவங்க பொண்ணு. நடுவுல மரம். ராத்திரி பூரா ஆள் வரல. ரெண்டு பேரும் மரத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்துக்கிட்டுப் பேசிட்டே இருந்திருக்காங்க. தூரத்து வீட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்கு… வழி இல்லாம வர முடியல. விடியறப்ப சத்தம் நின்னு போச்சாம்.”

அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என்னிடம் எதையும் கெட்டதாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார் என்றுதான் கேட்டது.

“இத ஒடச்சுப் போட்டுடுங்க. யாருக்கும் விக்காதீங்க.”

“என் புள்ளைங்க மேல ஆணையா ஒடச்சுடறேம்மா. அடுத்த வாரம் வாங்க, வேற வண்டி தரேன்.”

அக்கா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒழுங்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாள், மருந்து எடுத்தாள். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். “என்னை நம்பி இருந்தாடி” என்றாள் ஒரு தடவை. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இருவரும் முற்றத்துக்குப் போனோம். வாசலிலேயே சண்டை. ஒரு டாக்சி ஓட்டுநர் பல்லழகரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார்.

“மனுஷன் ஓட்டுற வண்டியா இது? உள்ள இருக்கிற கண்ணாடிய எப்படி வச்சாலும் தானாத் திரும்பிக்குது. தெனமும் பின்சீட்டப் பாத்துக்கிட்டே நிக்குது. திருப்பித் திருப்பிக் கை வலிக்குதுய்யா. முன்னால உக்காந்தா யாரோ மூக்க உறிஞ்சி அழற சத்தம் வேற.”

மரம் விழுந்த வண்டிக்கு முன் பாதியும் ஒன்று இருந்திருக்குமே! நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே அந்தக் காரின் முன் ஜன்னலருகில் போய் நின்றிருந்தாள்.

காருக்குள் யாரும் இல்லை.

கிர்ர்…

மெல்லிய சத்தம்.

கண்ணாடி திரும்பியது.

பின்சீட்டை நோக்கி அல்ல. வெளியே நின்ற என் அக்காவை நோக்கி.

அக்கா பயப்படவில்லை. குனிந்து, ஜன்னலுக்குள் மெதுவாகச் சொன்னாள்.

“இருக்காம்மா. என்கூடத்தான் இருந்தா. குளிருக்குப் போத்தி விட்டேன்.”

பிறகு பல்லழகர் பக்கம் திரும்பினாள். நான் அவளை அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததே இல்லை.

“எங்க வண்டி எங்கே? கொண்டு வந்து இது பக்கத்துல நிறுத்து.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

“சொல்லுய்யா.”

“நேத்து… ஒரு குடும்பம் வந்தாங்கம்மா. பணம் கையில இருந்துச்சு. ஆசப்பட்டுக் குடுத்துட்டேன். பேர் கூடக் கேக்கல. தொலைவு ஊருன்னாங்க.”

“ஒடச்சுடறேன்னு ஆணையிட்டியே!” என்று கத்தினேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கு ஒரே ஒரு பையன்மா. நாலு வயசு இருக்கும். பின்சீட்டுல ஏத்தி விட்டாங்க. நான்தான் கதவச் சாத்தினேன். அப்ப அவன் என்னப் பாத்து, ‘மெதுவாச் சாத்துங்க, அக்கா கை நசுங்கிடும்’னு சொன்னான்.”