அறுபத்து மூன்று டெசிபலில் மாமியார் சொன்னது

அவளுக்குக் காது இரண்டுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய் சொட்டுகிற சத்தத்தை வைத்தே மூன்றாவது மாடியில் எந்த வீட்டு வாஷர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கோளாறு பிடிபடாமல் விழித்தால், போனை லிஃப்டுக்குள் நீட்டச் சொல்லி வீட்டிலிருந்தே வைத்தியம் பார்ப்பாள். பதினொரு வருஷம் ஒரு பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியவள், முப்பத்து நாலு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்ட தலைப்பு, நகரத் தெருக்களின் இரைச்சல்.

"சத்தத்தை அளக்க ஒரு படிப்பா? அதுக்கு எதுக்கு வெளிய போகணும், நம்ம வீடு போதாதா?" என்றார் மாமியார்.

அந்த அம்மாளுக்கு ஐந்து வருஷமாக ஒரு சந்தேகம் உண்டு. படிப்பு என்று சொல்லிவிட்டு மருமகள் வேறெங்கோ போய்வருகிறாள். எங்கே என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். சினிமா டிக்கெட் கிடைக்குமா என்று அவள் கைப்பையைத் துழாவுவார், பாட்டரிதான் கிடைக்கும். அதற்கப்புறம் பாட்டரி மேலும் சந்தேகம் வந்துவிடும்.

ஆறு தெருக்களில் ஐந்தை அளந்து முடித்திருந்தாள். கடைசியாகத் தகரப் பட்டறைத் தெரு. போன வருஷம் கையில் மீட்டரோடு நடந்து பார்த்தபோது சராசரி எண்பத்து நாலு டெசிபல் வந்த தெரு அது. இப்போது வினாடிக்கு ஒரு அளவு எடுக்கிற பெட்டியை ஏழு நாள் அங்கே தொங்கவிட வேண்டும். தையற்கடையின் வாசல் சட்டத்தில் மாட்டினாள். ஒரு வாரம் கழித்துக் கணக்குப் போட்டால் ஐம்பத்தொன்பது.

அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற நெறியாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"நம்ம கேன்டீன்லயே அறுபத்தஞ்சு இருக்கும். பத்துப் பட்டறை இருக்கிற தெருவுல ஐம்பத்தொன்பதா? போன வருஷத்து எண்ணு, இந்த வருஷத்து எண்ணு, ரெண்டுல எது உங்க கற்பனை?"

"ரெண்டுமே நிஜம் மேடம்."

"ரெண்டும் நிஜமா இருக்க முடியாது. அடுத்த மாசம் ஆய்வுக் குழு கூடுது. அதுக்குள்ள நிரூபிங்க. இல்லைன்னா என் கையெழுத்தை எதிர்பார்க்காதீங்க."

கையெழுத்து இல்லை என்றால் ஐந்து வருஷமும் போச்சு. அதோடு பொய்க்கணக்கு எழுதியவள் என்ற பெயர் வேறு ஒட்டிக்கொள்ளும்.

அவள் முதலில் பெட்டியைச் சந்தேகப்பட்டாள். ஒரே சீராகத் தொண்ணூற்று நாலு டெசிபல் ஊதுகிற சின்னக் கருவியை அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். பெட்டி பிசகாமல் தொண்ணூற்று நாலு காட்டியது. மைக்கில் யாராவது துணி அடைத்திருப்பார்களோ என்று நுரை உறையைக் கழற்றிப் பார்த்தாள். அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில், தையற்கடைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் பெட்டியில் கை வைத்திருப்பாரோ என்று சந்தேகம் விழுந்தது. பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டி, ஒரு பேன்ட்டைக் கால் மடிக்கக் கொடுத்துவிட்டு, தையற்கடை ஸ்டூலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். பட்டறைக்காரர் சுத்தியலுக்குப் பழைய பனியனைச் சுற்றித் தகரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர்காரர் கூவவில்லை. கழுத்தில் அட்டை எழுதி மாட்டிக்கொண்டு ஊமையாக நடந்தார். எதிர்வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் பலகையில் எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். கோபம் தலைக்கேறியபோது அந்த அம்மாள் எழுத்தைப் பெரிதாக்கினாள். தெரு நாய்கூடக் கொட்டாவி விட வந்ததை, பெட்டியைப் பார்த்ததும் பாதியில் மூடிக்கொண்டது.

"என்ன அண்ணே நடக்குது இங்க?" என்றாள் தையற்காரரிடம்.

அவர் உதட்டில் விரல் வைத்தார். சாக்கட்டியால் மேசையில் 'முக்குக்கு வாங்க' என்று எழுதினார். தெருமுக்கில் போய் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீங்களே கையெழுத்து வாங்கிட்டு என்ன நடக்குதுன்னு கேக்கறீங்களே."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பல்கலைக்கழக விதிப்படி அவளே வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவம். அதில் ஒரு வரிக்கு அடியில் சாக்கட்டிக் கோடு போட்டிருந்தது: 'உங்கள் விவரங்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.'

"வெறும் சத்தத்தை அளக்கறதா இருந்தா இதுல என்னம்மா ரகசியம் இருக்கு? நாங்க பேசறதை எல்லாம் பெட்டி கேட்டுக்குதுன்னுதானே ஆகுது? பட்டறைக்கு லைசென்ஸ் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. நான் கஸ்டமர் துணியில மீதி எடுக்கறவன். எவன் வாயைத் திறப்பான்?"

அவள் நேரே பட்டறைக்காரரிடம் போனாள். "அண்ணே, இதுல எண்ணு மட்டும்தான் விழும். பேச்சு விழாது."

"யாருக்கும்மா காது குத்தறே?"

"நம்ப வைக்க நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். "தெரியாதுன்னு யார் வேணா நடிக்கலாம். உனக்குத் தெரிஞ்சே ஆகணும்கிற மாதிரி ஒரு விஷயத்தை யாராவது அந்தப் பெட்டிகிட்ட சொல்லட்டும். அப்புறம் உன் மூஞ்சியை நாங்க பார்த்துக்கறோம். உன்னைப் பத்தி மனசுக்குள்ள நிறைய வெச்சிருக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாமியார் மறுநாளே குடையோடு கிளம்பிவிட்டார். மருமகள் எங்கே போய்வருகிறாள் என்பதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பை விடுவாரா? தெருவை மேலும் கீழும் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"இங்கதானா வந்துட்டிருந்தே?"

"இங்கதான் அத்தை."

"சே" என்றார்.

மருமகள் காதின் கீர்த்தி தெருவுக்கும் எட்டியிருந்ததால், பட்டறைக்காரர் பெண்சாதி அவள் காதில் பஞ்சை அடைத்து, இரண்டு தெரு தள்ளி ஓடுகிற மாவு மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். இங்கே மாமியார் ஸ்டூலில் ஏறிப் பெட்டிக்கு நேராக நின்று பேசினார். தெருவே சுற்றி நின்று கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது தையற்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் சுத்தியலை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியைக் கணினியில் இணைத்தாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு என்று வந்துகொண்டிருந்த எண், பதினோரு வினாடிக்கு மட்டும் அறுபத்து மூன்றை ஒட்டி ஏறி நின்றது. நடுவில் ஒரு வினாடி இறக்கம். மாமியார் அங்கே மூச்சு வாங்கியிருக்கிறார், அல்லது தயங்கியிருக்கிறார். அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

"அத்தை, என்ன சொன்னீங்க?"

"உன் பெட்டியைக் கேளு."

மூன்று நாள் தெருவில் அலைந்தாள். ஆராய்ச்சி மறந்துபோயிற்று, குழு மறந்துபோயிற்று. "நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லுங்க அண்ணே" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். பட்டறைக்காரர் அவள் முகத்தையே மூன்று நாளும் பார்த்தார். நாலாம் நாள் காலையில் சுத்தியலில் சுற்றிய பனியனை அவிழ்த்து எறிந்தார்.

"பெட்டிக்குப் பேச்சு கேட்டிருந்தா இவ ஏன் இப்படி நாயா அலையறா? தட்டுங்கடா."

முதல் அடியே தொண்ணூற்றொன்று. பேப்பர்காரருக்குத் தொண்டை திரும்பியது. எதிர்வீட்டில் பலகை உடைந்தது. ஏழு நாள் சராசரி எண்பத்து மூன்று.

நெறியாளர் இரண்டு வாரத்து எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்த அமைதி வாரத்தை என்ன செய்யப் போறீங்க?"

"பின்னிணைப்புல போட்டிருக்கேன் மேடம். காரணத்தோட."

அவர் காரணத்தை இரண்டு முறை படித்தார். சம்மதப் படிவத்தைத் தயாரித்த குழுவில் அவரும் ஒருவர். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

பட்டம் வந்த பிறகு அவள் பேன்ட்டை வாங்கத் தையற்கடைக்குப் போனாள்.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணே. அன்னிக்கு என் மாமியார் என்ன சொன்னாங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து அதே தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. "ரகசியமாகப் பாதுகாக்கப்படும். கீழே நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிச்சவங்க நீங்களே மீறச் சொல்லலாமா?"

அந்தப் பதினோரு எண்களை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். வீட்டில் மாமியார் எதையாவது ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்து, நடுவில் ஒரு நொடி நிறுத்தினால், இதுதானோ என்று அவள் கண் கடிகாரத்துக்குப் போகும்.

"என்ன மணி பாக்கறே? எங்கயாவது போகணுமா?" என்பார் மாமியார், கைப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.