பெரட்டுக்குக் கூப்பிடுகிறவர்

என் சம்சாரத்துக்கு மாரில் கட்டி வந்தபோது, அது அம்மன் கோபம் என்று முதலில் சொன்னவன் நான்தான். கலவரத்து வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் திருவிழா நடக்கவில்லை. நான் நேர்ந்திருந்த தீச்சட்டி நின்றுபோனது. அதுதான் காரணம் என்றேன். அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்கமாட்டோம் இல்லையா, அதே மாதிரி இருந்துவிட்டோம். எங்கள் குளிரில் வேப்பமரம் வளராது. கீழேயிருந்து வரும் பஸ்ஸில் சொல்லியனுப்பி வேப்பிலை வாங்கி வாசலில் கட்டினேன். அடுத்த திருவிழாவில் தீச்சட்டியும் எடுத்தேன். பாக்களவு இருந்த கட்டி அதற்குள் எலுமிச்சையளவு ஆகியிருந்தது.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுத்து எடுக்கவேண்டும் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

"சாமி குத்தத்துக்குக் கத்தி வைக்கக்கூடாதுங்க."

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உடம்பில கோடிக்கணக்கான சின்னக் கலங்கள் இருக்குது அம்மா. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரே புத்தகம்தான். எந்த வரியை வாசிக்கிறது, எதை மூடி வைக்கிறது எண்டு சொல்லச் சில புரதங்கள் இருக்குது."

"பருப்புல இருக்குமே, அதுங்களா?"

"அந்த இனம்தான். இது உடம்பு தானே செய்யிறது."

அவள் யோசித்தாள். "காலையில பெரட்டுல எங்க கங்காணி மாதிரிங்களா? பேர் கூப்பிட ஆளுக எல்லாம் வரிசையா நிப்போம். யாரு கொழுந்து பறிக்க, யாரு புல்லு வெட்ட, யாரு வீட்டுக்குன்னு அவருதான் சொல்லுவாரு."

"அதேதான்! 'வளர்' எண்டு கூப்பிடுற கங்காணி பழுதாப் போனால், கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். 'போதும்' எண்டு சொல்லுறவரும் வாயை மூடிக்கொண்டால், அதுதான் புற்றுநோய்."

"எங்க கங்காணி குடிச்சிட்டு வந்த அன்னைக்கு ஒரே மலைக்கு எல்லாரையும் அனுப்பிட்டாருங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவரு ஏன் பழுதானாரு? நாங்க செஞ்ச பாவமா?"

"இல்லை அம்மா. புத்தகத்தைப் படியெடுக்கேக்க ஒரு எழுத்துப் பிழைச்சாலும் இப்பிடி ஆகலாம். அதில ஒருத்தரின்ர கோபமும் இல்லை."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பெருவிரலில் மை தடவி, அறுவைக்குச் சம்மதக் காகிதத்தில் வைத்தாள்.

"தோட்டத்துக்குப் போனதும் கோயிலுக்குப் போங்க. அம்மன் மேல பழி போட்டோமுன்னு நீங்களே சொல்லிருங்க. நேத்தி கீத்தின்னு ஒண்ணும் வைக்காதீங்க."

போனேன். கற்பூரம்கூட இல்லாமல் வெறுங்கையோடு நின்றேன். "உன் பேரைச் சொல்லி ஒரு வருஷத்தை வீணாக்கிட்டேன் தாயே" என்றேன்.

கட்டியை அறுத்தெடுத்துச் சில மாதம் கழித்து, ஒரு காலையில் அவள் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டது எங்கள் லயத்து வீட்டு வாசல்வரை கேட்டது.