பார்க்க வந்தவர்கள்

இன்றைக்கும் யாராவது பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குள் கும்பலாக நுழைந்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் நல்ல மனிதர்கள்தான். என் சொந்தங்களும் நல்ல மனிதர்கள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். கார்த்திகை மாத மழையிலும் பனியிலும் ஊரில் கைக்குழந்தைகளுக்கெல்லாம் இளைப்பு. என் ஏழு மாத மகளையும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு வாரம் மூச்சுக்குத் திண்டாடியவள், கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள்தான் ஒழுங்காகப் பால் குடித்தாள். சளிக்கும் பேதிக்கும் ஒரே வார்டு. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ! பக்கத்துக் கட்டிலில் அடி அண்ணாமலை ஊர்க்காரி ஒருத்தி, வயிற்றுப்போக்குக்குச் சேர்த்த இரண்டு மாத மகனோடு இருந்தாள். அவள் புருஷன் கிரிவலப் பாதையில் பொரிக்கடை போட்டிருந்தான். தீபத்து வியாபாரத்தை விட்டு அவனால் வர முடியவில்லை. வேறு யாரும் அவளை எட்டிப் பார்க்கவில்லை.

தீபத்தன்று மதியம் என் கணவர் வீட்டார் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நர்சம்மா வாசலிலேயே மறித்தாள். இரண்டு பேருக்கு மேல் கூடாது, சளிப் பிடித்த பிள்ளைகள் வரவே கூடாது என்றாள். அவளோடு சண்டைக்குப் போனது நான்தான்.

"தீபத்துக்கு வந்த சொந்தம். வாசலோட அனுப்பினா நாளைக்கு எங்க மூஞ்சில முழிப்பாங்களா?"

நர்சம்மா ஒதுங்கிக்கொண்டாள். என் மகளைப் பார்த்தார்கள், விபூதி பூசினார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அடுத்த கட்டிலை விசாரிக்காமல் போவது எங்களில் மரியாதையில்லை. அந்தக் குழந்தையையும் ஆளுக்கொரு முறை தூக்கினார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நாத்தனார் மகன் அதன் வாயில் முத்தம் கொடுத்தான். எல்லோரும் சிரித்தோம்.

மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்ததால் நாங்கள் அங்கேயே இருந்தோம். ஐந்தாம் நாள் அந்தக் குழந்தைக்கு விலா உள்ளே இழுத்தது. பெரியவர்களுக்கு வெறும் தடுமனாகப் போகிற கிருமி, இந்த வயதுக்கு எமன் என்றார் டாக்டர். அதை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல அவருக்கு என்ன கேடு? வந்தவர்களிடமிருந்து ஒட்டியதோ, என் மகளிடமிருந்தே ஒட்டியதோ. அதன் அம்மா குழாயடிக்குப் போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கி வைத்திருந்ததும் நான்தான். யாரைத் திட்டப் போனாலும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறேன்.

ஏழாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. துணிகளை மூட்டை கட்டிவிட்டு அவள் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குன்னு யாரும் வரலக்கா. உங்க வூட்டு ஜனங்கதான் எம்புள்ளையயும் தூக்கிப் பாத்தாங்க. அத மறக்க மாட்டேன்."

அவளுக்குப் பின்னால் நர்சம்மா மருந்துத் தட்டோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.