டாலியாக் கிழங்கு விற்றவர்

எங்கள் எஸ்டேட்டில் அவரைக் கிழங்குக்காரர் என்றுதான் சொல்வோம். காதை மூடிய கம்பளிக் குல்லாவும் நகக்கண்ணில் செம்மண்ணுமாக இருப்பார். லயத்து வீட்டுக்குப் பின்னால் டாலியாப் பூக்கிழங்கு வளர்த்தார். கோலாலம்பூர்க் கடை ஒன்று ஆர்டர் பிடித்துத் தரும். இவர் பார்சல் கட்டி எஸ்டேட் ஆபீஸ் தபால் பையில் போடுவார். போடுமுன் குல்லாவைத் தூக்கி, பார்சலைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கிழங்கு உருண்டால் பிரித்து மறுபடி கட்டுவார்.

அந்தப் பை நான் ஓட்டிய லோரியில்தான் தானா ராத்தா டவுனுக்கு இறங்கும். தேயிலைப் பெட்டிகள் நிறையாமல் லோரியை எடுக்கக் கூடாது என்பது துரை உத்தரவு. அடைமழையில் கொழுந்து குறைந்து பெட்டிகள் நிறையாததால், பை நாள்கணக்கில் ஆபீசிலேயே கிடந்தது. தபால் முத்திரையோ டவுனில்தான் விழும். முத்திரைத் தேதியைப் பார்த்த கடை, தாமதமாக அனுப்புகிறவர் என்று இவருக்கு ஆர்டர் தருவதை நிறுத்திவிட்டது.

பார்சலை முன்பே வாங்கிக்கொண்டதாக எழுதித் தரும்படி, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கேட்டார். கிராணி வீட்டு வாசலில் பூத்திருந்ததும் இவர் சும்மா கொடுத்த கிழங்குதான்.

"எழுதினா, ஏன் வச்சிருந்தேன்னு துரை என்னைக் கேப்பாரு. நீ போ" என்றார் கிராணி.

மறு வாரம் மிச்சக் கிழங்கைச் சாக்கில் சுமந்து, மழையில் டவுனுக்கு நடந்துகொண்டிருந்தார். லோரியை நிறுத்தினேன்.

"ஏறுங்கண்ணே, நானும் அங்கதான் போறேன்."

"உன் லோரியில ஏறினா, நான் எப்பக் கெளம்பினேன்னு யாருக்குப்பா தெரியும்?"

கோபமா கிண்டலா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டு நடந்தார்.