காலரா என்று எழுதாதவர்

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் நாடெங்கும் காலரா பரவியது. நாங்கள் குடியிருந்த கள்ளிக்குப்பத்தில் சாவுகளைப் பதிவு செய்ய ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். சேறான வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்.

மகளைப் பறிகொடுத்த எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அவரிடம் கெஞ்சினாள்.

"காலரான்னு எழுது சார். அப்பதானே நல்ல தண்ணி லாரி வரும்? இன்னும் ரெண்டு பசங்க கீது."

"அந்தப் பேரையே எழுதக் கூடாதுன்னு மத்திய சர்க்கார் உத்தரவும்மா."

'வயிற்றுப்போக்கு' என்று எழுதினார். லாரி வரவில்லை. எட்டாம் நாள் அவளுடைய சின்ன மகனும் இறந்தான்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியினர், "எங்கள் ஆட்சியில் காலராவே இல்லை" என்று மேடையில் முழங்கினார்கள். எங்கள் தொகுதியில் தோற்றார்கள்.

வாக்குப்பதிவு அன்று, வாக்களித்துவிட்டு வெளியே வந்த அந்த அம்மாள், வரிசையில் நின்ற ஆய்வாளரிடம் சொன்னாள்: "நீ எழுதாதத நான் குத்திட்டேன் சார்."

அவர் தலையாட்டினார். அது ஆமோதிப்பா, மன்னிப்புக் கேட்டதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.