நான் காணாத கனவு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு — தங்கை மவுத்தான பிறகு அவளுடைய இரண்டும் என் சட்டியில்தான் சாப்பிட்டன. எட்டும் இன்று நன்றாக இருக்கின்றன. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? என் எழுத்து மட்டும் நண்டு ஓடிய மணல் மாதிரி. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஷிபா எழுதுகிறாள். வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

போன வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஷிபா டிவியில் ஒரு படம் போட்டாள். பேய்ப்படம் என்றாள். எனக்குப் பேயைக் கண்டு பயம் வரவில்லை, அதில் வரும் பெண்ணைக் கண்டுதான் பாவமாக இருந்தது. ஒருவருடைய பொருளைத் தொட்டால் அவருக்கு நடந்ததெல்லாம் அவள் கண்ணுக்குள் ஓடும். அவளுக்கு அது வேண்டாம். கையுறை போட்டுப் பார்க்கிறாள், ஊர் மாறிப் பார்க்கிறாள்... விடுகிறார்களா? ஒரு பொலிஸ்காரர் காணாமல்போன குழந்தையின் செருப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கிறார். கடைசியில் கையுறையைக் கழற்றித் தொடுகிறாள். குழந்தை கிடைத்துவிடுகிறது.

எல்லாருக்கும் சந்தோஷம். "உம்மம்மா, இது உங்கட கதைதானே" என்றாள் ஷிபா.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கனவு கண்டேன். எங்கள் பள்ளிவாசல்துறைக் கரையில் ஒரு படகு, அதில் ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நல்ல கனவைச் சொல்லலாம், சொன்னேன். என்ஜின் பழுதாகிக் கடலோடு போய்விட்டது என்று ஊரே கைவிட்ட படகு அந்தக் கிழமையே ஆட்களோடு திரும்பி வந்தது.

அவ்வளவுதான். ஆடு தொலைத்தவர்கள் வந்தார்கள். மதுரங்குளியிலிருந்து ஒருத்தி, மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை நல்லவனா என்று கேட்டு பஸ் ஏறி வந்தாள். ஆடு போன இடமே தெரியாத எனக்கு மாப்பிள்ளையின் குணம் தெரியுமா? தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் போன கச்சான் காலத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், வந்தவர்களை அப்படி அனுப்ப முடியவில்லை.

அதற்கு முன்பே ஒரு நாள் பக்கத்து வளவு நபீசாவின் கணவன் தனியாகக் கடலுக்குப் போனான். படகு கரை ஒதுங்கியது. ஆள் இல்லை. தேடினார்கள், மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் நபீசாவின் மாமியார் அவளையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி.

கணவன் மவுத்தானால் பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கிற காலம் இத்தா. அந்தத் துணி அதற்குத்தான். மகனைத் திருப்பித் தா என்று துஆ கேட்பதா, அவனை மன்னித்துவிடு என்று கேட்பதா... அதுகூடத் தெரியாமல் தான் தொழுகைப் பாயில் இருப்பதாக அந்தத் தாய் சொன்னார்.

"நீங்க கண்டிருப்பீங்க ராத்தா. உசிரோட இரிக்கிறானெண்டா சொல்லுங்க. இல்லாட்டி இண்டைக்கே இவள இத்தாவில இருத்துறன்."

அதைச் சொல்ல மௌலவி இருக்கிறார், தீர்ப்புக் கொடுக்கக் காதியார் இருக்கிறார். நான் யார்? ஆனால் அந்தத் துணியைப் பார்த்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கேதான் வந்தது வினை. கெட்ட கனவு கண்டால் இடது பக்கம் மெல்லத் துப்பிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். ஒருவருக்கும் சொல்லக் கூடாது. இது எங்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பேசாமல் இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

அந்தத் தாய், மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற 'இன்னா லில்லாஹி'யைச் சொல்லித் துணியை விரித்து நபீசாவின் தலையில் போட்டுவிட்டார்.

நான் பாய்ந்து அதைப் பிடித்தேன். "வல்லாஹி, நான் ஒண்டும் காணல்ல" என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தேன்.

"எங்கட மனசு நோகக் கூடாதெண்டு சொல்றீங்க" என்றார் அவர், அழுதுகொண்டே.

நபீசா அழவில்லை. துணிக்குள்ளிருந்து என் முகத்தைப் பார்த்தாள். "மாமி, காணல்லையா? இல்லாட்டி சொல்ல மாட்டீங்களா?"

"காணல்ல மகள். நல்லதும் காணல்ல, கெட்டதும் காணல்ல."

அவள் தலையிலிருந்த துணியை எடுத்து மடித்தாள். "அலுமாரியில வைக்கிறன் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். விஷயம் இப்போது காதியாரிடம் இருக்கிறது. துணி அலுமாரியில். அவன் இன்னும் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நபீசாவோடு இருக்கிற மாமியார் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. கலியாண வீட்டில் எதிர்ப்பட்டால், ஏதோ என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கப் பயப்படுகிறவர் போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

படத்துப் பெண்ணுக்கு வேலை லேசு. அவளுக்குத் தெரியும், சொன்னாள், நம்பினார்கள். தெரியாது என்று சொல்கிறவளை வைத்து யார் படம் எடுப்பார்கள்? தெரியும் என்று ஒரு தடவை சொன்னால் போதும், ஊர் நம்பிவிடும். தெரியாது என்பதற்கு எத்தனை சத்தியம் செய்தாலும் போதாது.

சரி ஷிபா, எழுதினதை ஒருக்கா வாசி. 'காணல்ல' எண்ட இடத்த மட்டும் சத்தமா வாசி மகள் — வேலிக்கு அங்கால கேக்கட்டும்.