நான்கு கண்ணுக்கும் நான்கு பொட்டு

ஒரே மாதத்தில் இரண்டு தடவை காரை வாசல் கேட்டுத் தூணில் இடித்துவிட்டேன். இரண்டு தடவையும் கோஸ்தான் அடிக்கும்போதுதான். காடியைப் பின்னால் எடுப்பதை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டாம் தடவை பின்விளக்கு உடைந்தது. என் மகள் சில்லுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "இன்னொரு வாட்டி இடிச்சீங்கன்னா சாவிய எங்கிட்ட குடுத்துறணும்மா," என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் தங்கை செலண்டாரில் தனியாக இருக்கிறாள். முழங்கால் மடங்காது. செவ்வாய்க்கிழமை தோறும் புக்கிட் காத்திலிலிருந்து நான் போய்த்தான் அவளைக் கிளினிக்குக்கும் பிறகு காய்கறி வாங்கப் பாசாருக்கும் கூட்டிப் போகிறேன். மகளுக்கு அன்று வேலை. சாவி போனால் செவ்வாய்க்கிழமையும் போய்விடும். அதோடு, அந்தச் சாவி எனக்குச் சும்மா கிடைத்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியை வாயால் கேட்டார்கள். வாயால் பதில் சொன்னேன். முதல் தடவையே பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே பொத்தான் மாதிரி நான்கு சென்சார், ஒரு சின்னப் பெட்டி, சத்தம் போடுவதற்கு ஒன்று, நிறைய ஒயர். பின்னால் ஏதாவது இருந்தால் கத்துமாம். கடைக்குப் போகவில்லை, கைப்பேசியில் ஒரு மலாய்க்காரர் செய்து காட்டுவதைப் பார்த்துத் தானே மாட்டுவதாகச் சொன்னாள். டேப் ஒட்டி அளந்தாள், பென்சிலால் புள்ளி வைத்தாள், ட்ரில்லைக் கையில் எடுத்தாள்.

நல்ல பம்பரில் ஓட்டை. பிளாஸ்டிக் சுருள் சுருளாக விழுந்தது. என்னால் உட்கார முடியவில்லை. வாசலைப் பெருக்கினேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி வந்து பெருக்கினேன்.

"ம்மா, பெருக்குன எடத்தையே பெருக்குறீங்க. சிமெண்டு தேஞ்சிரும் லா."

"ஓட்ட கோணலா போவுது பாரு."

"கோணலாலாம் போவல. நீங்க நிக்கிறதுதான் கோணல்."

சென்சார்களின் பின்பக்கம் ஏதோ எழுத்து இருந்தது. அது எனக்குத் தெரியாத எழுத்து. ஆனால் அம்புக்குறி யாருக்கும் தெரியும். மூன்றாவதை அவள் திணிக்கும்போது, "நில்லுடி, மத்ததெல்லாம் மேல பாக்குது, இது மட்டும் கீழ பாக்குது," என்றேன். திருப்பிப் பார்த்தாள். சரியாக வைத்தாள். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

ஒயரைப் புதுப் பின்விளக்கில் சேர்த்து முடித்துவிட்டுக் கை கழுவ அவள் உள்ளே போனாள். அந்த இடைவெளியில் என் வேலையை நான் செய்தேன். சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து வந்து, நான்கு சென்சாருக்கும் நடுவில் பொட்டு வைத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சைப் பழமும் வைத்தேன். எங்கள் வீட்டில் காஸ் அடுப்புக்கே பொட்டு உண்டு.

மகள் வந்து காடியில் உட்கார்ந்து கோஸ்தான் கியர் போட்டாள். காது கிழிகிற மாதிரி ஒரே கத்தல். பின்னால் ஒன்றுமே இல்லை. கேட்டைக்கூடத் திறந்துதான் வைத்திருந்தோம்.

விளக்கைக் கழற்றினாள். ஒயரைப் பிரித்தாள், சேர்த்தாள். கத்தல் நிற்கவில்லை. வெயில் ஏறியது. பம்பர் முன்னாலேயே குந்தியிருந்தாள், பொட்டு அவள் கண்ணில் படவே இல்லை. இந்த வீட்டில் பொட்டில்லாத சாமான் ஏது, அவளுக்குப் பழகிவிட்டது.

கடைசியில் எழுந்து நின்றாள். "எனக்கு இது வரல. அடுத்த மாசம் கடையில பாத்துக்கலாம். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்மா. சின்னம்மாகிட்ட சொல்லிருங்க."

"அந்தாளு பேசுறத இன்னொரு தரம் போடு," என்றேன். போட்டாள். கடைசியில் அவர் சொன்னார்: சென்சாரில் லும்பூர் ஒட்டினால் சும்மா சும்மா கத்தும், துடைத்து வையுங்கள். லும்பூர் என்றால் சேறு. அந்த மலாய் எனக்கு நன்றாகத் தெரியும்.

"புது சென்சார்ல ஏது லும்பூர்," என்றாள் மகள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போகட்டும், துடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"லும்பூர் இல்ல," என்றேன். "சந்தனம்."

அவள் குனிந்து பார்த்தாள். "அது பாக்குறதுக்கு வெச்ச கண்ணும்மா. கண்ணுலயா பொட்டு வெப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, அழுக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முந்தானையால் நானே துடைத்தேன். அவள் மறுபடி ஏறிக் கோஸ்தான் கியர் போட்டாள், கத்தல் இல்லை. பொட்டை நம்பர் பிளேட்டுக்கு மேலே மாற்றி வைத்தேன். பிறகு அவளை இறங்கச் சொல்லி நான் ஏறினேன். வெளியே கொண்டுபோய்த் திருப்பி, கோஸ்தானில் உள்ளே வந்தேன். விட்டு விட்டுக் கத்தியது, பிறகு நெருக்கி நெருக்கிக் கத்தியது. நிறுத்தினேன். மகள் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் கையை விரித்து அளந்தாள்.

"ஒரு சாண் இருக்கு. சத்தத்தக் கேட்டுத்தான நிறுத்துனீங்க?"

"கழுத்தத் திருப்பிப் பாத்து நிறுத்துனேன்," என்றேன். சாவியை எடுத்து முந்தானை முனையில் முடிந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை பாசாரில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கத் தங்கைக்குப் போன் செய்யப் போனேன்.